ஓதுவித்தறிதலும் செய்துகாட்டலும்: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் பயிற்சியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஊர்ப்புற உயர்நிலைப் பள்ளியொன்றில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர் எங்கே, எந்த மொழியில், எத்தகைய பள்ளியைக் கருத்திற்கொண்டு பயிற்றுவிக்கப்பட்டார் என்பது, அவரிடம் பயிலும் மாணவர் பெறும் அறிவியல் கல்வியைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையும் அதன் பகுதியாக இருந்த உத்திரமேரூர் வட்டாரத்தையும் முன்வைத்து, 19-ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை அறிவியல் ஆசிரியர் பயிற்சி அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. பயிற்சிக்கும் ஊர்ப்பள்ளிக்கும் இடையே இடம், மொழி, செய்முறை என மூன்று வகை இடைவெளிகள் இருந்தன. முதல் இரண்டும் காலப்போக்கில் குறைந்துவந்தன. மூன்றாவது இடைவெளி மிகக் குறைவாகவே கவனிக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி, எல்.டி., பி.எட்., அறிவியல் கற்பித்தல், கலைச்சொல், களியாம்பூண்டி, செய்முறை.

முன்னுரை

தமிழ்நாட்டுக் கல்வி வரலாறு பெரும்பாலும் பள்ளிகளின் எண்ணிக்கை, பாடநூல், பயிற்றுமொழி, இலவச உணவு ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆசிரியர் எவ்வாறு ஆசிரியர் ஆனார் என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. அறிவியல் ஆசிரியரைப் பொறுத்தவரை இவ்வினா கூடுதல் முதன்மை பெறுகிறது. மொழிப்பாடம் கற்பிப்பவருக்கு நூலும் குரலும் போதும். அறிவியல் கற்பிப்பவர் நூலிலுள்ளதைப் பொருள்களின்மேல் நிகழ்த்திக் காட்ட வேண்டியவர். அந்தத் திறன் பட்டப்படிப்பினால் மட்டும் வருவதன்று. பயிற்சியினால் வர வேண்டியது.

முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் ஊர்ப்புற மாணவருக்கு ஆய்வுக்கருவிகள் அறிமுகமாகும் ஒரே இடம் பள்ளிதான். அவருடைய ஆசிரியருக்குச் செய்துகாட்டும் பழக்கம் இல்லையெனில், பிற்காலத்தில் எந்த நூலும் அந்த இழப்பை எளிதில் ஈடுசெய்வதில்லை. இதனால் ஆசிரியர் பயிற்சியின் வரலாறு நிருவாக வரலாறு என்ற அளவில் நிற்காமல், யாருக்கு எத்தகைய அறிவு எட்டியது என்னும் சமூக வரலாறாகவும் அமைகிறது.

1. கல்வெட்டுகள் காட்டும் கற்பித்தல் தகுதி

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் உள்ள முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. வாரிய உறுப்பினருக்குரிய தகுதிகளாக வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வயது வரம்பு ஆகியவற்றோடு கல்வியும் அங்கே கூறப்படுகிறது. அக்கல்வித் தகுதியைக் குறிக்கும் சொல் கருதத்தக்கது. 'ஓதியவன்' என்னாமல் 'ஓதுவித்தறிவான்' என்கிறது கல்வெட்டு. பிறர்க்குக் கற்பித்து, அதன் வழியாகத் தாம் அறிந்தவர் என்பது இதன் பொருள். நிலம் குறைவாக உடையவரும், ஒரு வேதத்திலும் ஒரு பாடியத்திலும் வல்லவராய் அதைப் பிறருக்கு விளக்கியுரைக்கக் கூடியவராயின் தகுதி பெற்றார். அறிவின் அளவுகோலாகக் கற்பிக்கும் திறன் இங்கே கொள்ளப்பட்டுள்ளது.

பாலாற்றங்கரையில் அமைந்த திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராசேந்திரனின் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்விச்சாலை ஒன்றையும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றையும் அது ஒருங்கே குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை மருத்துவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் என அதன் பணியாளர்கள் தனித்தனியே சுட்டப்படுகின்றனர். நூற்கல்வியும் கைத்திறனும் ஒரே வளாகத்தில் ஆதரிக்கப்பட்டமைக்கு இது சான்று.

இச்சான்றுகளை இன்றைய ஆசிரியர் பயிற்சியின் தோற்றுவாயாகக் கொள்வது பொருந்தாது. உத்திரமேரூர்க் கல்வெட்டு பேசுவது பிராமணர் சபையை மட்டுமே. அந்த ஊரில் உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் அத்தகுதிப் பட்டியலில் இடமில்லை. எனினும் கற்பித்தலே அறிவின் சோதனை என்னும் கருத்தும், கையால் செய்யும் அறிவு நூலறிவின் அருகிலேயே இருந்தமையும் இவ்வட்டாரத்திற்கு அயலானவை அல்ல. பிற்கால வரலாற்றை அளந்து பார்க்க இவ்விரண்டும் பயன்படும்.

2. திண்ணைப் பள்ளியிலிருந்து பயிற்சிப் பள்ளிக்கு

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் ஆசிரியப் பணிக்கெனத் தனிப் பயிற்சி இருந்ததில்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தவரே பின்னாளில் ஆசிரியரானார். மணலில் எழுதிப் பழகும் இப்பள்ளிகளின் முறையைக் கண்ட ஆண்ட்ரூ பெல், எழும்பூரிலிருந்த படைவீரர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் 1789-க்குப் பின் அதனைக் கையாண்டார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் அம்முறை 'சென்னை முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்துக்குச் சென்றது. ஆசிரியரை உருவாக்கும் உள்ளூர் வழக்கம் ஒன்று கடல் கடந்து பெயர்பெற்ற அக்காலத்திலேயே, பிறந்த இடத்தில் அது மதிப்பிழக்கத் தொடங்கியது.

1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ மேற்கொண்ட விசாரணை, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் கணக்கிட்டது. 1826-இல் அவர் எழுதிய குறிப்பில், ஆசிரியர்களின் குறைந்த வருவாயும் போதிய தகுதியின்மையும் கல்வியின் பின்னடைவுக்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு பள்ளியும், ஒவ்வோர் ஆட்சியர் வட்டத்திலும் முதன்மைப் பள்ளிகளும் அவரால் முன்மொழியப்பட்டன. 1827-இல் அவர் மறைந்தபின் அத்திட்டம் நினைத்த அளவில் வளரவில்லை. இருப்பினும், ஆசிரியர் பயிற்சி நகரத்தில் நிகழ்வது, பயிற்சி பெற்றவர் ஊர்களுக்குச் செல்வது என்னும் அமைப்பின் முதல் வரைவு இதுவே.

1854-ஆம் ஆண்டு உட் கல்வி அறிக்கை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை வலியுறுத்தியது. அதன் விளைவாக 1856-இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர் சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்த இந்நிறுவனமே ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது.

3. சைதாப்பேட்டையும் எல்.டி. பட்டமும்

சைதாப்பேட்டை இன்று சென்னை மாநகரின் நடுப்பகுதி. ஆனால் அக்கல்லூரி அங்கே வேரூன்றிய காலத்தில் சைதாப்பேட்டை செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு வட்டம். மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமும் அதுவே. உத்திரமேரூர் அதே மாவட்டத்தின் மதுராந்தகம் வட்டத்தில் இருந்தது. ஆகவே மாகாணத்தின் முதன்மையான உயர்நிலை ஆசிரியர் பயிற்சி நிறுவனம் செங்கல்பட்டு மாவட்டத்திற்குள்ளேயே அமைந்திருந்தது எனலாம். ஆனால் நிருவாக எல்லையால் நெருங்கியிருந்தாலும், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவும் ஆங்கிலப் பட்டப்படிப்பு என்னும் நுழைவுத் தகுதியும் அக்கல்லூரியை ஊர்ப்புறத்தாருக்கு எட்டாததாக வைத்திருந்தன.

1882-ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக் குழு, ஆசிரியருக்குக் கற்பித்தலின் கொள்கையிலும் நடைமுறையிலும் தேர்வு வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்போது இந்தியாவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கெனச் சென்னையிலும் லாகூரிலும் மட்டுமே பயிற்சி நிறுவனங்கள் இருந்தன. 1886-இல் சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. என்னும் ஆசிரியப் பட்டத்தை ஏற்படுத்தியது. 1904-இல் வெளியான இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம், பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி போதுமெனவும், ஒவ்வொரு பயிற்சிக் கல்லூரியோடும் ஒரு மாதிரிப் பள்ளி இணைக்கப்பட வேண்டுமெனவும் கூறியது.

இவ்விரு முடிவுகளும் அறிவியல் ஆசிரியரின் உருவாக்கத்தை நெடுங்காலம் பாதித்தன. கல்வித் தத்துவம், உளவியல், பள்ளி நிருவாகம், பாடம் கற்பிக்கும் முறை, கற்பித்தல் பயிற்சி ஆகிய அனைத்தும் ஓராண்டுக்குள் அடங்க வேண்டியிருந்தமையால், ஆய்வுக்கூடத்தில் கைப்பழக்கம் பெறுவதற்குக் கிடைத்த காலம் சிறிது. மாதிரிப் பள்ளியோ நகரத்தில் இருந்தது. அங்கே கிடைத்த கருவிகளையும் வகுப்பறையையும் கொண்டு பழகியவர், இரண்டும் இல்லாத ஊர்ப்பள்ளியில் பணியேற்க நேர்ந்தது. பயிற்சி எந்தப் பள்ளியைக் கருதி அளிக்கப்பட்டதோ அந்தப் பள்ளி வேறு. ஆசிரியர் சென்று சேர்ந்த பள்ளி வேறு.

பட்டதாரியாகும் வாய்ப்பு அந்நாளில் உயர்சாதி ஆடவர் சிலருக்கே இருந்தது. பெண்களுக்கெனச் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்றதும், சகோதரி சுப்பலட்சுமி அதன் தலைமையை ஏற்றதும் இந்நிலையில் ஏற்பட்ட குறிப்பிடத்தக்க மாற்றங்கள்.

4. இரு தடங்கள்

ஆசிரியர் பயிற்சி தொடக்கத்திலிருந்தே இரு தடங்களாகப் பிரிந்தது. தமிழ்நாட்டில் இன்றும் வழங்கும் பதவிப் பெயர்கள் அப்பிரிவின் தடயங்களைத் தாங்கியுள்ளன. 'இடைநிலை ஆசிரியர்' எனப்படுபவர் கற்பிப்பது தொடக்க வகுப்புகளில். அப்பெயர் அவர் கற்பிக்கும் வகுப்பைக் குறிப்பதன்று. இடைநிலைக் கல்வி முடித்துப் பயிற்சி பெற்றவர் என்னும் அவரது படிப்பைக் குறிப்பது. அதுபோலவே எல்.டி. பட்டம் பி.டி. எனப் பெயர் மாறி, பின்னர் பி.எட். ஆன பிறகும், ஆறு முதல் பத்து வரையுள்ள வகுப்புகளுக்குக் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியரைப் 'பி.டி. உதவியாளர்' என்றழைக்கும் வழக்கம் பள்ளிகளில் நீடிக்கிறது. மறைந்துபோன பட்டத்தின் பெயர் பதவியில் வாழ்கிறது.

இவ்விரு தடங்களும் அறிவியலை இரு வகையாகக் கண்டன. 1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம், நூற்பு, வேளாண்மை முதலிய கைத்தொழில்களோடு பாடங்களை இணைத்தது. 1946-க்குப் பின் தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது ஆதாரப் பயிற்சிப் பள்ளிகள் சென்னை மாகாணத்தில் ஊக்கம் பெற்றன. மண், நீர், பயிர், உடல்நலம் ஆகியவை அங்கே அறிவியலின் பொருளாயின. உயர்நிலைத் தடத்திலோ அறிவியல் என்பது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எனப் பல்கலைக்கழகப் பகுப்பைப் பின்பற்றியது. கைக்கெட்டும் பொருள்களைக் கொண்டு கற்பிக்கும் பழக்கம் தொடக்கநிலை ஆசிரியருக்கும், முறைசார்ந்த பாட அறிவு உயர்நிலை ஆசிரியருக்கும் உரியன என்றாயின. ஆதாரக் கல்வி பின்னாளில் செல்வாக்கிழந்தபோது, அதனுடன் இருந்த செயல்வழி அறிவியலும் பின்தங்கியது. உயர்நிலைத் தடம் அதனை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

1952-53-இல் அ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, பொது அறிவியலை உயர்நிலைப் பள்ளியின் மையப் பாடங்களுள் ஒன்றாக்கப் பரிந்துரைத்தது. பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பயிற்சியைக் காலப்போக்கில் இரண்டாண்டுகளாக நீட்டிக்க வேண்டும் என்பதும் அக்குழுவின் கருத்து. முதல் பரிந்துரை விரைவில் செயலுக்கு வந்தது. இரண்டாவது அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. அறிவியலைப் படிக்க வேண்டிய மாணவர் தொகை பெருகியது. அதைக் கற்பிப்பவரின் பயிற்சிக்காலம் அப்படியே நின்றது.

5. மொழி என்னும் இடைவெளி

1938-இல் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி வழிக் கல்விக்கு அரசு வழிவகுத்தது. இதனால் அறிவியல் ஆசிரியருக்குப் புதிய இக்கட்டு ஒன்று தோன்றியது. அவர் பட்டம் பெற்றதும் பயிற்சி பெற்றதும் ஆங்கிலத்தில். வகுப்பில் பேச வேண்டியது தமிழில். இந்த மொழிபெயர்ப்புப் பணியை ஒவ்வோர் ஆசிரியரும் கரும்பலகையின் முன் நின்று தாமே செய்ய நேர்ந்தது.

சொற்களை ஆக்கும் முயற்சி பள்ளிகளுக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1916-இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாத்திரப் பரிபாசைச் சங்கத்தை நிறுவினர். 1930-களில் அரசும் தமிழறிஞர்களும் தனித்தனியே கலைச்சொற்பட்டியல்களை வெளியிட்டனர். வடமொழி சார்ந்த ஆக்கம், தனித்தமிழ் ஆக்கம், ஒலிபெயர்ப்பு என மூன்று போக்குகள் ஒரே காலத்தில் நிலவின. பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிஜன் என ஒரு பொருளுக்கே மூன்று பெயர்கள் வழங்கின. ஒரு தலைமுறை மாணவர் படித்த சொல்லை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க முடியாத நிலை ஆசிரியருக்கு ஏற்பட்டது.

இந்த இடைவெளியைக் குறைத்தவர்களுள் ந. சுப்பு ரெட்டியார் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். அறிவியல் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்ற அவர், துறையூரில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். பின்னர் காரைக்குடி அழகப்பா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும், அதன்பின் திருப்பதி திருவேங்கடவன் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பித்தார். 'தமிழ் பயிற்றும் முறை', 'அறிவியல் பயிற்றும் முறை' என்னும் அவருடைய நூல்கள், ஆசிரியர் பயிற்சிக்கான துறைநூல்களே தமிழில் அமையக்கூடும் என்பதைக் காட்டின. பாடப்பொருளைத் தமிழில் தருவதும், அதைக் கற்பிக்கும் முறையைத் தமிழில் சிந்திப்பதும் வேறுவேறு பணிகள். இரண்டாவது பணிக்கு அவர் போன்ற சிலரே முன்வந்தனர்.

கல்லூரிகளில் தமிழ்ப் பயிற்றுமொழி 1960-ஆம் ஆண்டில் கோவை அரசு கலைக் கல்லூரியில் கலைப்பாடங்களில் தொடங்கியது. அறிவியல் பட்டப்படிப்புகள் அதன்பின்னரே வந்தன. இன்று பி.எட். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தமிழ் வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. மொழியின் இடைவெளி முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆனால் 1938-இல் இருந்ததைவிட அது மிகவும் குறுகிவிட்டது.

6. ஊர்ப்பள்ளியும் செய்முறையும்

காமராசர் ஆட்சிக்காலத்தில் உயர்நிலைப் பள்ளிகள் ஊர்ப்புறங்களில் விரைந்து பெருகின. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். அவர் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், பள்ளிக்குத் தேவையான பொருள்களை ஊரார் நன்கொடையாக வழங்கினர். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில் 1958-இல் தொடங்கிய சீரமைப்பு மாநாடுகள் மாநிலமெங்கும் பரவின. பள்ளி ஊரின் உடைமை என்னும் உணர்வை அவை வளர்த்தன. கட்டடமும் இருக்கையும் ஊராரால் தர முடிந்தவை. ஆய்வுக்கூடப் பழக்கமுள்ள ஆசிரியரைத் தருவது பயிற்சிக் கல்லூரியின் பொறுப்பு.

உலகளவிலும் இச்சிக்கல் உணரப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அழிந்த பள்ளிகளுக்கென யுனெசுக்கோ தொகுத்த குறிப்புகள் விரிவாக்கப்பட்டு, 1956-இல் அறிவியல் கற்பித்தலுக்கான மூலநூலாக வெளிவந்தன. கருவிகள் இல்லாத இடத்தில் வீட்டுப் பொருள்களைக் கொண்டே கருவிகளைச் செய்துகொள்வது அந்நூலின் அடிப்படை. இந்தியாவில் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் 1963-இல் அஜ்மீர், போபால், புவனேசுவர், மைசூர் ஆகிய இடங்களில் மண்டலக் கல்விக் கல்லூரிகளைத் தொடங்கியது. அறிவியலையும் கற்பித்தலையும் நான்காண்டுகள் ஒருங்கே பயிற்றுவித்த இக்கல்லூரிகளுள் தென்மாநிலங்களுக்கு உரியது மைசூரில் இருந்தது. 1964-66-இன் கோத்தாரி கல்விக் குழு, பத்தாம் வகுப்புவரை அறிவியலும் கணிதமும் அனைவருக்கும் கட்டாயமாக வேண்டும் என்றது. மாணவர் அனைவருக்கும் அறிவியல் என்றான நிலையில், நான்காண்டுப் பயிற்சி மிகச் சில ஆசிரியருக்கே கிட்டியது.

பெரும்பான்மையினர் பயின்ற ஓராண்டு பி.எட். படிப்பில் விரிவுரை முறை, செய்துகாட்டல் முறை, கண்டறி முறை, செயல்திட்ட முறை ஆகியவை பாடமாக இருந்தன. மாணவர் தாமே கண்டறிய வேண்டும் என வாதிட்ட ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கின் கண்டறி முறை, அதன் நிறைகளும் குறைகளுமாக மனப்பாடம் செய்யப்பட்டு விரிவுரை வழியாகவே தேர்வில் எழுதப்பட்டது. செய்வதன் சிறப்பைச் செய்யாமலே கற்பது என்னும் முரண்பாடு பயிற்சியின் நடுவே இருந்தது. பாடக்குறிப்பும் பதிவேடும் ஒழுங்காக மதிப்பிடப்பட்டன. சோதனை தவறும்போது ஆசிரியர் என்ன செய்வார் என்பதை மதிப்பிட இடமில்லை.

பாடப் பகுப்பிலும் ஓர் இடர் உண்டு. பட்டதாரி ஆசிரியர் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெறுகிறார், பி.எட். படிப்பில் பொருளறிவியல் அல்லது உயிரியல் கற்பித்தலைப் பயில்கிறார். பள்ளியிலோ அறிவியல் ஒரே பாடம். ஆசிரியர் எண்ணிக்கை குறைந்த ஊர்ப்பள்ளியில், வேதியியல் படித்தவரே இதயத்தின் அமைப்பையும், விலங்கியல் படித்தவரே மின்சுற்றையும் கற்பிக்க நேர்கிறது. தாம் படிக்காத பகுதியின் சோதனைகளைத் தவிர்த்துவிட்டு நூலைப் படித்துக்காட்டுவது அச்சூழலில் இயல்பாகிறது. அதனை ஆசிரியரின் தனிப்பட்ட குறையாகக் கொள்வதைவிடப் பயிற்சி அமைப்பின் குறையாகக் கொள்வதே பொருந்தும்.

வகுப்பறைக்கு வெளியே இக்குறையை நிறைவுசெய்யும் முயற்சிகள் எழுந்தன. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 'துளிர்' இதழ் வழியாகவும் 1990-களின் அறிவொளி இயக்கத்தில் பங்கேற்றும் எளிய சோதனைகளை ஊர்களுக்குக் கொண்டுசென்றது. அவ்வியக்கத்தில் பள்ளி ஆசிரியர் பலர் ஈடுபட்டனர். பயிற்சிக் கல்லூரியில் பெறாத கைப்பழக்கத்தை அவர்கள் பொதுவெளியில் பெற்றனர்.

7. களியாம்பூண்டியும் சைதாப்பேட்டையும்

1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் ஏற்படுத்தப்பட்டன. காஞ்சிபுரம் மாவட்டத்திற்குரிய நிறுவனம் உத்திரமேரூரை அடுத்த களியாம்பூண்டியில் அமைந்தது. மாவட்டத் தலைநகரில் அன்றி ஊர்ப்புறத்தில் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் அமைந்தமை, நகரத்தில் பயிற்சி, ஊரில் பணி என்னும் பழைய அமைப்பை மாற்றியது. பயிற்சி பெறுவோர் சுற்றியுள்ள ஊர்ப்பள்ளிகளிலேயே கற்பித்துப் பழகும் சூழல் உருவானது.

ஆனால் இந்நிறுவனங்களுக்குத் தரப்பட்ட பொறுப்பு தொடக்கக் கல்வியே. உயர்நிலை ஆசிரியருக்குக் கல்வியியல் கல்லூரிகளும் உயர்நிலைக் கல்வியியல் நிறுவனங்களும் எனத் தனிப் படிநிலை அதே திட்டத்தில் வகுக்கப்பட்டது. சைதாப்பேட்டைக் கல்லூரி அத்தகைய உயர்நிலைக் கல்வியியல் நிறுவனமாக உயர்த்தப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இருதடப் பிரிவு, 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் உறுதிப்பட்டது. சைதாப்பேட்டை சென்னையோடு இணைந்துவிட்டமையால், ஒரு காலத்தில் மாகாணத்தின் முதன்மைப் பயிற்சிக் கல்லூரியைத் தன் எல்லைக்குள் கொண்டிருந்த மாவட்டத்தின் வழித்தோன்றலான காஞ்சிபுரம் மாவட்டம், அரசுக் கல்வியியல் கல்லூரி ஏதுமின்றி நின்றது. இவ்வெற்றிடத்தைத் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் நிரப்பின. 2008-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின்கீழ் மாநிலமெங்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் வந்தன. இடத்தால் பயிற்சி நெருங்கிவந்தது. கட்டணத்தால் சிலருக்குத் தொலைவாயிற்று.

8. இரண்டாண்டுப் படிப்பும் தகுதித் தேர்வும்

2015-16-ஆம் கல்வியாண்டு முதல் பி.எட். படிப்பு இரண்டாண்டுகளாயிற்று. 1953-இல் முதலியார் குழு கூறியது இவ்வாறு நிறைவேறியது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள், இப்படிப்பில் 20 வாரப் பள்ளி அனுபவத்தை விதித்தன; அவற்றுள் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டில் தொடர்ச்சியான கற்பித்தற் பயிற்சிக்கு உரியவை. ஊர்ப்பள்ளியொன்றில் நான்கு மாதம் தங்கிக் கற்பிக்கும் வாய்ப்பு அறிவியல் ஆசிரியருக்கு முதன்முறையாக விதிப்படி கிடைத்தது. எனினும் கால அளவு நிலையாகிவிடவில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பை முன்வைக்க, 2025-இல் வெளியான வரைவு விதிமுறைகள் நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ பெற்றவர்களுக்கு ஓராண்டுப் பி.எட். படிப்பை மீண்டும் பேசின.

பயிற்சியின் முடிவில் நிற்பது தேர்வு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு 2012 சூலை 12-இல் நடைபெற்றது. எழுதியோரில் தேர்ச்சி பெற்றவர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அத்தேர்வின் இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்களுள் கணிதத்திற்கும் அறிவியலுக்கும் சேர்த்து 60. அனைத்தும் கொள்குறி வினாக்கள். 2018-ஆம் ஆண்டின் அரசாணை 149, தகுதித் தேர்வில் வென்றவர்க்கும் பணி நியமனத்திற்குத் தனிப் போட்டித் தேர்வை ஏற்படுத்தியது. இத்தேர்வுகளுள் எதிலும் ஆசிரியராக விரும்புபவர் ஒரு சோதனையையேனும் செய்துகாட்ட வேண்டியதில்லை. தேர்வு கேட்காததைப் பயிற்சியும் வலியுறுத்துவதில்லை.

மாணவரிடம் எதிர்பார்க்கப்படுவதோ வேறு. சமச்சீர்க் கல்விக்குப் பின் பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 25 செய்முறைக்கும் உரியவை. செய்முறையில் மாணவரை மதிப்பிடும் ஆசிரியர், அத்திறனில் தாம் ஒருமுறையும் மதிப்பிடப்படாமலே பணிக்கு வந்தவர். 2022 நவம்பர் 28-இல் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குக் கருத்தாளர் வழியாகச் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. மாணவருக்கு இது பெரும்பயன். அதே வேளையில், செய்துகாட்டுதல் வெளியிலிருந்து வருபவரின் பணி என்றாகிவிடாமல் காக்க வேண்டியதும் உண்டு.

முடிவுரை

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குறிக்கும் ஏரி வாரியம் பேணிய வைரமேகத் தடாகம், இன்றும் அவ்வூரின் பெரிய ஏரி. மதகின் ஆழத்திற்கேற்ப நீரழுத்தம் மாறுவதையும், கோடையில் நீர் ஆவியாவதையும், ஏரிப்படுகையின் மண் அடுக்குகளையும், நீர்த்தாவரங்களின் அமைப்பையும் அங்கே காட்டலாம். ஆலம் சுற்றும் நீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர நிறம் சிவப்பதை ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் கண்டிருக்கிறது. அது காரத்தைக் கண்டறியும் சோதனை என்பதை ஆசிரியர் சொல்லி, எலுமிச்சைச் சாற்றால் மீண்டும் மஞ்சளாக்கிக் காட்டும்போது, வீட்டு வழக்கம் வேதியியலாகிறது. இதற்குச் செலவு ஏதுமில்லை. வேண்டுவது அவ்வாறு காணவும் செய்யவும் பழகிய ஆசிரியர்.

ஏறத்தாழ இரு நூற்றாண்டு வரலாற்றில், பயிற்சி நிறுவனம் ஊருக்கு நெருங்கியது. பயிற்சியின் மொழி மாணவரின் மொழிக்கு நெருங்கியது. செய்முறை மட்டும் பதிவேட்டிலும் கொள்குறி வினாவிலும் தங்கிவிட்டது. இதற்கு மாற்றாக மூன்று வழிகள் இவ்வரலாற்றிலிருந்தே பெறப்படுகின்றன. முதலாவது, 16 வாரக் கற்பித்தற் பயிற்சியின் ஒரு பகுதியையேனும் ஆய்வுக்கூட வசதி குறைந்த ஊர்ப்பள்ளிகளில் நிகழ்த்துவது. இரண்டாவது, 2018-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் தொடக்கநிலை, உயர்நிலை, ஆசிரியர் கல்வி ஆகிய தனித்தனித் திட்டங்களை இணைத்திருப்பதால், களியாம்பூண்டி போன்ற மாவட்ட நிறுவனங்களை உயர்நிலை அறிவியல் ஆசிரியரின் செய்முறைப் பயிற்சிக்கும் திறந்துவிடுவது. மூன்றாவது, பணித் தேர்வில் செய்துகாட்டலுக்கும் மதிப்பெண் ஒதுக்குவது.

கி.பி. 921-இல் ஒரு சிறு குழுவினருக்கு மட்டுமே உரியதாயிருந்த 'ஓதுவித்தறிவான்' என்னும் தகுதி, இன்று எந்தக் குடும்பத்தில் பிறந்தவரும் முயன்று அடையக்கூடியதாய் விரிந்துள்ளது. அறிவியல் ஆசிரியருக்கு அத்தகுதி, செய்துகாட்டி அறிதலையும் உள்ளடக்கியதாக வேண்டும். அவ்வாறு ஆகும்வரை, ஊர்ப்புற மாணவர் அறிவியலைக் கேட்டறிபவராகவே இருப்பார்.